இரண்டு ரவுட்டரும் நான்கு கம்பியும்

ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியின் முன்பக்கத்தை விடுங்கள். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், கேபிள் செருகும் போர்ட் என்ன வேகம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படியுங்கள். படிக்காததால் எனக்கு 1,450 ரூபாய் தண்டம்.

எங்கள் வீட்டு நெட் பிளான் 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200-க்கு மாறியது. கேபிள்காரர் எப்போதோ கொடுத்த ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த பழைய ஆசாமி. அபார்ட்மென்ட்டில் போனை எடுத்து வைஃபை பட்டியலைத் திறந்தால் 19 பெயர்கள் வரும், முக்கால்வாசி 2.4-ல்தான். அந்த பேண்டில், அதாவது அலைவரிசையில், ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டிலும் டிவி ஓடும், என் மனைவியின் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் கரகரக்கும். 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள டூயல் பேண்ட் வாங்கிவிடலாம், 2,000 ரூபாய்க்குள் முடிக்கலாம் என்று கிளம்பினேன்.

கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால் வரிசையாக ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஞாயிறுக்கு ஞாயிறு ஒருத்தராவது இப்படி வருவார்கள் போல. செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு மறுபடி போனேன்.

கடைப் பையன் ஒரு பெட்டியை நீட்டினான். "1200 சார், நாலு ஆன்டெனா, வீடு பூரா வரும்." பெரிய எழுத்தில் 1200 என்று இருந்ததைப் பார்த்து நானும் மயங்கினேன். அந்தக் கணக்கு இதுதான்: 2.4-ல் 300, 5-ல் 867, இரண்டையும் கூட்டி மேலே தூக்கிப் போட்டு 1200. நம் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருக்கும், ஆகவே அந்த 1200-ஐ யாரும் பார்க்கப்போவதில்லை. ஆன்டெனாவும் பேண்டுக்கு இரண்டு என்று பிரித்தால் நாலு, அவ்வளவுதான். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் நெட்டே வரவில்லை. யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் சரியாகத்தான் போட்டேன். கேபிள் ஆபீசுக்கு போன் செய்தால், "பழைய ரவுட்டரோட மேக் லாக் ஆகியிருக்கு சார். டெக்னீஷியன் வந்து மாத்தணும், 300 ரூபா, ரெண்டு நாள் ஆகும்" என்றார் அந்தம்மா. நீங்களே அங்கிருந்து மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, "அது என் வேலை இல்லை சார்" என்று வைத்துவிட்டார். மேக் என்பது ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண், பழைய எண்ணுக்குத்தான் நெட் விடுவார்களாம். இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. புது ரவுட்டரின் செட்டிங்கில் மேக் குளோன் என்று ஒன்று இருக்கும், பழைய ரவுட்டரின் மேக் எண்ணை அதில் போட்டால் போதும். பழையதன் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் போட்டேன், வேலை செய்யவில்லை. பழையதை மறுபடி ஆன் செய்து அதன் செட்டிங்கில் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்தால், வெளியே போகும் போர்ட்டுக்கு வேறு மேக். கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூட. அதைப் போட்டதும் நெட் வந்தது. 300 ரூபாய் மிச்சம். பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தோஷம் பத்து நிமிஷம்தான். ஸ்பீடு டெஸ்ட் 94. மறுபடி 93.8. ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாலும் 94.1. வைஃபை என்றால் ஏறி இறங்கும், இது ஆணி அடித்தாற்போல நின்றது. அப்போதுதான் பெட்டியைத் திருப்பிப் படித்தேன்: எல்லா போர்ட்டும் 10/100. காற்றில் 867 போனால் என்ன, உள்ளே வரும் வாசல் 100 தானே. அதில் டேட்டாவோடு ஒட்டிக்கொண்டு போகும் முகவரி போன்ற கூடுதல் தகவல்கள் போக கைக்குக் கிடைப்பது 94 சொச்சம்.

மறுநாள் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். "சீல் பிரிச்சாச்சு சார். பீஸ் ஃபால்ட்னா மாத்தித் தரலாம். இது நல்லா வேலை செய்யுதே!" அதற்கு என்ன பதில் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு 2,300 ரூபாய்க்கு கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், போர்ட் உள்ள இன்னொன்று வாங்கினேன். அடுத்த தலைமுறை வைஃபையான வைஃபை 6 உள்ளதையும் காட்டினான். வீட்டில் அதைப் பேசும் போன் ஒன்றே ஒன்று என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

மாட்டினேன். மேக் போட்டேன். டெஸ்ட் பார்த்தேன். 94.

நான் அன்றிரவு இருந்த கோலத்தைப் பார்த்து வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்டேட்டஸ் பக்கத்தில் பார்த்தால் வெளி போர்ட் 100 என்றே காட்டுகிறது. ரவுட்டரும் கிகாபிட், நெட் வீட்டுக்குள் வந்து சேரும் ஃபைபர் பெட்டியும் கிகாபிட். மிச்சம் நடுவில் உள்ள கேபிள்தான். அதைக் கழற்றி ஜாக்கை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு கம்பி தெரிய வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தன: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பிரவுனும் உறைக்குள்ளேயே கத்தரித்து விடப்பட்டிருந்தன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு பின் போதும், அதனால் கேபிள்காரர் அத்தோடு வேலையை முடித்துவிட்டார். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

கம்பியில் ஜாக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலும் பத்து ஜாக்கும் வாங்கினேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இந்த வரிசையில் கம்பிகளை நீவி, நுனியைச் சமமாக வெட்டி, ஜாக்கின் கடைசி வரை தள்ள வேண்டும். முதல் ஜாக்கில் நீலமும் பச்சையும் இடம் மாறிப்போனதால் அதை வெட்டியெறிந்தேன். இரண்டு முனையும் முடிந்து மாட்டியபோது மணி பதினொன்றே கால். ஸ்பீடு டெஸ்ட்டில் முள் 94-ஐத் தாண்டி 203-ல் போய் நின்றது. ஹாலில் நான் போட்ட சத்தத்தில் பெண் எழுந்துவிட்டாள்.

5 கிகாஹெர்ட்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹாலில் பறக்கிறது, ஆனால் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர் தாண்டி பின்னறைக்குப் போனால் 40-க்கு இறங்கிவிடுகிறது. 2.4-ஐ அணைத்துவிடாதீர்கள், எங்கள் பிரின்டருக்கு அது மட்டும்தான் தெரியும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்தபோது அந்த பிரின்டர் ஒட்டவே மாட்டேன் என்றது, பெயரைப் பிரித்து வைத்த பிறகுதான் சேர்ந்தது.

முதலில் வாங்கிய ரவுட்டர் இப்போது பின்னறையில் இருக்கிறது. வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு, பரண் வழியாகக் கேபிள் இழுத்தாயிற்று. அங்கே வருவது 94 தான். மனைவிக்கு அது தாராளம், குரல் கரகரப்பதில்லை. ஒன்றின் அடாப்டர் 9 வோல்ட், இன்னொன்றினுடையது 12, பின் ஒரே அளவு. மாற்றிச் செருகிவிடக் கூடாதென்று இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன். ஜாக் இன்னும் ஐந்து மிச்சம் இருக்கிறது.