பார் எக்ஸாமுக்கு சிவில் ப்ரொசீஜர் படிக்கறீங்களா, முதல்ல ஒரு ஜட்ஜை பிடிங்க

நம்ம ஊர்ல பிஎல் முடிச்சிட்டு நியூயார்க்ல எல்எல்எம் பண்ண வர்றவங்க எல்லாரும் பார் எக்ஸாம்னு வந்ததும் திணர்றது ஃபெடரல் சிவில் ப்ரொசீஜர்லதான் (ஃபெடரல் கோர்ட்ல சிவில் கேஸ் நடத்தற விதிமுறை). பார் எக்ஸாமோட மல்டிபிள் சாய்ஸ் பகுதியான எம்பிஇ-ல காலைல 100 மத்தியானம் 100ன்னு 200 கேள்வி, அதுல இருக்கற ஏழு சப்ஜெக்ட்ல இதுவும் ஒண்ணு, எஸ்ஸேலயும் வரும், அதனால சாய்ஸ்ல விட முடியாது. நம்ம மண்டைல சிபிசி (நம்ம ஊர் சிவில் ப்ரொசீஜர் கோட்) ஓடிட்டு இருக்கும், இங்க என்னடான்னா டிஸ்கவரி (ட்ரையலுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஆதாரத்தை பகிர்ந்துக்கறது), சம்மரி ஜட்ஜ்மென்ட் (ட்ரையலே இல்லாம ஜட்ஜ் தீர்ப்பு சொல்றது), சிவில் கேசுக்கே ஜூரின்னு வேற உலகம். கோச்சிங் அவுட்லைனை மட்டும் வச்சு படிச்சப்போ எனக்கு ரூல் நம்பர் மனசுல நிக்கவே இல்ல. அப்புறம் ஒரே ஒரு டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜை (இங்க ஃபெடரல் ட்ரையல் கோர்ட் ஜட்ஜுக்கு அதான் பேரு) எடுத்து அவங்க வக்கீலா நடத்துன கேஸ், ஜட்ஜா எழுதுன ஆர்டர் எல்லாத்தையும் வரிசையா படிச்சேன், அங்கதான் பிடி கிடைச்சுது. நான் எடுத்தது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, சிவில் ரைட்ஸ் வக்கீலா இருந்து நியூயார்க்ல ஃபெடரல் ஜட்ஜ் ஆனவங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவு பண்ணிக்கோங்க. நம்ம ஊர்ல சிவில் ஜட்ஜ் ஆகணும்னா டிஎன்பிஎஸ்சி எழுதணும், இங்க ஃபெடரல் ட்ரையல் ஜட்ஜுக்கு பரீட்சையே கிடையாது. பிரசிடென்ட் நாமினேட் பண்ணுவார், செனட் ஓட்டு போடும், அவ்ளோதான். வயசு இவ்ளோ, லா டிகிரி வேணும்னு கூட கான்ஸ்டிட்யூஷன்ல இல்ல (நடைமுறைல ப்ராசிக்யூட்டர், பெரிய ஃபர்ம் பார்ட்னர், ஸ்டேட் கோர்ட் ஜட்ஜ்னு இருந்தவங்கதான் வருவாங்க, அது வேற). வந்துட்டா ஆயுசுக்கும் பதவி, சம்பளத்தை குறைக்க முடியாது, இம்பீச்மென்ட் தவிர யாரும் தூக்க முடியாது. நாடு முழுக்க 94 டிஸ்ட்ரிக்ட் கோர்ட். இந்த பாதுகாப்பு ஏன் வேணும்னு மோட்லி கதைய படிச்சா தானா புரியும்.

1921ல நியூ ஹேவன்ல பிறந்தவங்க, அப்பா அம்மா கரீபியன்ல நெவிஸ் தீவுலேர்ந்து வந்தவங்க, அப்பா யேல் ஸ்டூடன்ட்ஸோட கிளப்புக்கு சமையல்காரர். காலேஜுக்கு காசில்ல. ஊர்ல ஒரு மீட்டிங்ல இவங்க எழுந்து பேசினத கேட்ட கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீன்னு ஒரு பணக்காரர் படிப்புச் செலவ ஏத்துக்கிட்டார். 1946ல கொலம்பியா யூனிவர்சிட்டில லா முடிச்சாங்க, படிக்கும்போதே சிவில் ரைட்ஸ் வக்கீல் தர்குட் மார்ஷல்கிட்ட வேலைக்கு சேர்ந்தாச்சு. ஸ்கூல்ல இனப் பிரிவினை கூடாதுன்னு தீர்ப்பு வந்த பிரவுன் கேஸோட ஒரிஜினல் கம்ப்ளெய்ன்ட் எழுதுனது இவங்கதான். சுப்ரீம் கோர்ட்ல 10 கேஸ் வாதாடி 9 ஜெயிச்சாங்க.

படிக்கறவங்களுக்கு தங்கச் சுரங்கம்னா அது ஜேம்ஸ் மெரடித் கேஸ், மிசிசிப்பி யூனிவர்சிட்டில கறுப்பின மாணவரை சேர்க்க மாட்டேன்னது. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் எதிரா தீர்ப்பு சொன்னார், மோட்லி ஃபிஃப்த் சர்க்யூட்ங்கற அப்பீல் கோர்ட்டுக்குப் போய் 1962 ஜூன்ல ஜெயிச்சாங்க, உடனே அந்த அப்பீல் கோர்ட்லயே கேமரன்னு ஒரு ஜட்ஜ் ஸ்டே கொடுத்தார், கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, அவர் மறுபடி ஸ்டே கொடுத்தார், இப்படியே இழுத்து கடைசில செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஜஸ்டிஸ் ஹ்யூகோ பிளாக் தலையிட்டு அதையெல்லாம் தூக்குனார். இன்ஜங்ஷன் (இதை செய், செய்யாதேங்கற கோர்ட் உத்தரவு), ஸ்டே, அப்பீல், மேண்டேட் (அப்பீல் தீர்ப்பை நிறைவேத்த கீழ் கோர்ட்டுக்கு அனுப்பற உத்தரவு) நாலும் ஒரே கேஸ்ல கண்ணு முன்னாடி நடக்குது. ஒரு ஜட்ஜ் நினைச்சா எவ்ளோ இழுத்தடிக்கலாம்னும் தெரிஞ்சுடும்.

1966 ஜனவரில பிரசிடென்ட் ஜான்சன் மோட்லிய நியூயார்க் சதர்ன் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு நாமினேட் பண்ணார். நாமினேஷனை முதல்ல பரிசீலிக்கற செனட் ஜுடிஷியரி கமிட்டிக்கு தலைவர் யாருன்னு பாருங்க, செனட்டர் ஈஸ்ட்லேண்ட், அவரும் அந்த மிசிசிப்பிக்காரர்தான்! மாசக்கணக்கா கிடப்புல போட்டு ஆகஸ்ட் 30க்குத்தான் கன்ஃபர்ம் ஆச்சு. ஃபெடரல் ஜட்ஜான முதல் கறுப்பினப் பெண் இவங்கதான்.

ஜட்ஜா எழுதுனதுல ரெண்டு கண்டிப்பா படிங்க. 1975ல பிளாங்க் வர்சஸ் சல்லிவன் அண்ட் க்ராம்வெல், பெண் வக்கீல்களுக்கு பாரபட்சம்னு ஒரு ஃபர்ம் மேல கேஸ். நீங்க கறுப்பினப் பெண், முன்னாடி சிவில் ரைட்ஸ் வக்கீல் வேற, விலகிக்கோங்கன்னு மனு போட்டாங்க. பிறப்பையும் பின்னணியையும் வச்சு விலகணும்னா இந்த கோர்ட்ல யாராலயும் இந்த கேஸை கேக்க முடியாதே, எல்லா ஜட்ஜுக்கும் ஒரு பாலினம் ஒரு இனம் இருக்குல்லங்கற மாதிரி எழுதி மறுத்தாங்க. ரெக்யூசலுக்கு (ஜட்ஜ் கேஸ்லேர்ந்து விலகறது) இதை விட நல்ல நோட்ஸ் எனக்கு கிடைக்கல. இன்னொண்ணு 1978ல லட்கி வர்சஸ் கூன், யாங்கீஸ் டீமோட லாக்கர் ரூமுக்குள்ள பெண் ரிப்போர்ட்டரை விடாதது. பேஸ்பால் தனியார் விஷயம்தானே, அரசியல் சட்டம் எங்க வந்துச்சுன்னு தோணும், ஆனா ஸ்டேடியம் நியூயார்க் சிட்டிக்கு சொந்தம், டீம் லீஸுக்குத்தான் எடுத்திருக்கு, அதனால ஸ்டேட் ஆக்‌ஷன், அதாவது அரசு செஞ்ச மாதிரியே கணக்கு. அந்த ரிப்போர்ட்டர் பக்கம் சம்மரி ஜட்ஜ்மென்ட் கொடுத்துட்டாங்க. ரூல் 56க்கும் (சம்மரி ஜட்ஜ்மென்ட் விதி) கான்ஸ்டிட்யூஷனல் லாவுக்கும் ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

முடிஞ்சா மன்ஹாட்டன் பேர்ல் ஸ்ட்ரீட் கோர்ட்ல போய் உக்காருங்க, யார் வேணா போகலாம், ஐடி எடுத்துக்கோங்க, போனை வாசல்ல வாங்கி வச்சுப்பாங்க. ட்ரையல் பாக்கணும்னு காத்திருக்காதீங்க, சிவில் கேஸ் பெரும்பாலும் செட்டில்மென்ட்லயோ மோஷன்லயோ (நடுவுல போடற மனு) முடிஞ்சிடும். ரூல் 16 கான்ஃபரன்ஸ் (ட்ரையலுக்கு முன்னாடி ஜட்ஜ் வக்கீல்களோட கேஸை திட்டமிடறது) பாருங்க, கிரிமினல் கேஸ்ல தண்டனை சொல்ற ஒரு சென்டென்சிங் பாருங்க. 2005ல சுப்ரீம் கோர்ட்டோட புக்கர் தீர்ப்புக்கு அப்புறம் தண்டனை அளவு சொல்ற கைட்லைன்ஸ் கட்டாயம் இல்ல, எத்தனை வருஷம்னு அந்த ஜட்ஜ் ஒருத்தர்தான் முடிவு பண்ணணும், குற்றவாளியோட குடும்பம் பின்னாடி பெஞ்ச்ல உக்காந்திருக்கும். சினிமால வர்ற சுத்தியல் சத்தம் எதுவும் நான் கேக்கல.

வேலைப் பளுவும் சும்மா இல்ல. ஆறு மாசத்துக்கு மேல தீர்க்காம கிடக்குற மோஷன் லிஸ்ட், ஜட்ஜ் பேரோட, வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளியாகும், 1990 சட்டம். மார்ச் கடைசி, செப்டம்பர் கடைசி நெருங்கும்போது ஆர்டர் மடமடன்னு வர்றதுக்கு காரணம் அதான். 65 வயசும் 15 வருஷ சர்வீஸும் ஆச்சுன்னா முழு சம்பளத்தோட சீனியர் ஸ்டேட்டஸ் போய் கேஸைக் குறைச்சுக்கலாம். மோட்லி 1986ல அப்படி போயும் 2005ல இறக்குற வரை ஜட்ஜாவே இருந்தாங்க.

கிளர்க்ஷிப் (ஜட்ஜுக்கு சட்ட உதவியாளரா வேலை பாக்கறது) பத்தி கேக்குறவங்களுக்கு: சிட்டிசன் இல்லாதவங்களுக்கு சம்பளம் கொடுக்க ஃபெடரல் சட்டத்துலயே கட்டுப்பாடு இருக்கு, விதிவிலக்கும் சிலது இருக்கு, அதை பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. சம்பளமில்லாத இன்டர்னா சில ஜட்ஜ் எடுப்பாங்க, விசாவுக்கு ஒத்துவருமான்னு யூனிவர்சிட்டி ஆஃபீஸ்ல முதல்லயே கேட்டுடுங்க. எதுக்கு அப்ளை பண்ணாலும் அந்த ஜட்ஜோட இண்டிவிஜுவல் ரூல்ஸ் கோர்ட் சைட்ல இருக்கும், எத்தனை பக்கம், மோஷனுக்கு முன்னாடி லெட்டர் போடணுமா எல்லாம், அதை படிச்சிட்டு போங்க.