பாசி எடுக்கும் கைகள்

அறிவியல் என்றால் ஆய்வுக்கூடம், வெள்ளைக் கோட்டு என்று மட்டும் நினைப்பவர்கள் ஒருமுறை பாம்பன், சின்னப்பாலம் பக்கம் வந்து பாருங்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, பெண்கள் கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். அதிலிருந்துதான் அகர் தயாராகிறது. நோய்க்கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டில் உறைந்து நிற்குமே, அந்த அகர்.

அகரை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்ததும் ஒரு பெண்தான். 1881இல் ஃபேனி ஹெஸ்ஸே, ஜெல்லி செய்த சமையல் அனுபவத்திலிருந்து, ஜெலட்டினுக்குப் பதில் அகரைப் போட்டுப் பாருங்கள் என்று ஆய்வாளரான தன் கணவருக்குச் சொன்னார். கணவர் அதை ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கிடம் சொன்னார். ஜெலட்டின் வெக்கையில் இளகிவிடும், அகர் இளகாது. 1882இல் கோக் எழுதிய காசநோய்க் கட்டுரையில் அகர் உண்டு. ஃபேனியின் பெயர் இல்லை.

நம் கரையிலும் இதுதான் எனக்கு உறுத்துகிறது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. பவளம் காக்கப்பட வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் தலைமுறையாகப் பாசி எடுத்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்கே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள் இவர்கள்! இவர்களுக்காக நின்ற லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது.

வளர்ப்புக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசியோ குருசடைத் தீவின் பவளத்தின் மேலேயே படர்ந்தது. இனி எந்தக் கடற்பாசித் திட்டம் வந்தாலும் முதல் கூட்டத்திலேயே இந்தப் பெண்கள் உட்கார வேண்டும். அவர்கள் சொல்வது அவரவர் பெயரோடு பதிவாக வேண்டும்.