அம்மாவின் கால்களை நம்பி ஒரு நேபாளப் பயணம்

அம்மாவுக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது. 61 வயதில் முதல் பாஸ்போர்ட். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பலருக்கும் இருக்கிற பிரச்சினைதான், அதைத் திருத்த மட்டும் நான்கு தடவை லீவு போட்டு அலைந்தோம். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாகி, இந்தியாவும் இலங்கையும் எங்களைப் பிரித்துக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திலும் எந்தப் பக்கமும் சேராமல் போய், 2003இல் சட்டம் வந்த பிறகுதான் இலங்கைப் பிரஜைகளான குடும்பம் எங்களுடையது. அதனால் அந்தப் புத்தகத்தை அம்மா இரண்டு கையாலும் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டியதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. "இதைக் காட்டினா அங்க உள்ள விட்டுருவாங்களா பிள்ள?" என்று கேட்டார். விடுவார்கள் அம்மா. இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு நேபாளம் வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசாவைக் காசில்லாமல் தருகிறது. தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டுக்காரர்களுக்கான சலுகை அது.

வருகிற ஏப்ரலில் போகிறோம். நேபாளத்துக்கு நல்ல காலம் எது என்று யாரிடம் கேட்டாலும் ஒக்டோபர், நவம்பர் என்பார்கள். மழைக்காலம் முடிந்து வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், மலை தெளிவாகத் தெரியும், உண்மைதான். ஆனால் நான் டீச்சர், தவணை நடுவே கிளம்ப முடியாது, புதுவருட லீவுதான் எனக்குக் கிடைக்கும். ஏப்ரலில் அங்கே புகைமூட்டம் இருக்கும், பகல் ஏற ஏற மேகம் வந்து மூடிவிடும், மலையைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையிலேயே பார்த்துவிட வேண்டும். சரி, அதிகாலையில் எழும்புவது ஒரு விஷயமா? முப்பது வருடம் ஆறு மணிக்கு முன்னால் சமைத்து வைத்துவிட்டு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போன மனுஷி அம்மா.

ஏப்ரலில் போவதில் இரண்டு லாபமும் இருக்கிறது. ஒன்று, நேபாளத்துப் புத்தாண்டும் நம்முடையதைப் போல ஏப்ரல் நடுவில்தான் வருகிறது, வருடப் பிறப்பன்று வீட்டில் இல்லையே என்ற குறை அம்மாவுக்கு இருக்காது. இன்னொன்று பூ. நம் மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, சிங்களத்தில் மஹரத்மல் என்பார்கள், அதே இனத்து மரம்தான் நேபாளத்தின் தேசியப் பூவைத் தருகிறது. அங்கே லாலிகுராஸ் என்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் மலைச்சரிவெல்லாம் காடு காடாகப் பூத்திருக்குமாம். இதைப் படித்த அன்றைக்குத்தான் ஏப்ரல் என்று முடிவு செய்தேன்.

எங்கே போவது என்பதில்தான் நிறைய நாள் யோசித்தேன். நேபாளம் என்றதும் எல்லோரும் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் என்கிறார்கள். அது 5364 மீட்டர். நம்முடைய நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல 2524 மீட்டர்தான், சிவனொளிபாதமலை 2243. உயரத்தால் வரும் நோய் ஏறக்குறைய 2500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும், அதாவது நம் நாட்டு மலை முடிகிற இடத்தில் அது தொடங்குகிறது. மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு மலை பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. பழக்கம் காலுக்கு மட்டும்தான். காற்றில் ஒக்சிஜன் குறைந்த உயரத்தை நம் நெஞ்சு கண்டதே இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் மேலே போகாமல் நிற்க வேண்டும், குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

மாமி முக்திநாத்துக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றார். 108 திவ்விய தேசங்களில் ஒன்று, எனக்கும் ஆசைதான். ஆனால் அது 3700 மீட்டருக்கு மேலே, ஜீப்பில் ஏறினால் உடம்பு பழகுவதற்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அம்மாவை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம். சாமி கும்பிட காத்மாண்டுவில் பசுபதிநாத் இருக்கிறது.

அதனால் தேர்ந்தெடுத்தது பூன் ஹில் என்ற மலையுச்சி. 3210 மீட்டர். போகரா நகரத்திலிருந்து உல்லேரி வரை ஜீப், அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் பூக்காட்டுக்குள்ளே நடந்து கோரேபானி, அடுத்த நாள் இருட்டிலேயே டோர்ச்சோடு படியேறி உச்சியில் சூரிய உதயம். எதிரே 8167 மீட்டர் தௌலாகிரியும் 8091 மீட்டர் அன்னபூர்ணாவும். நல்லதண்ணி வழியாக ராத்திரி சிவனொளிபாதமலை ஏறி சூரிய உதயம் பார்த்த யாருக்கும் இது புரியும், அதே மாதிரிதான், தூரம் மட்டும் குறைவு. வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று 2023 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது, விதி இல்லாவிட்டாலும் நான் ஒருவரை வைத்திருப்பேன். அன்னபூர்ணா பகுதிக்குள் நுழையும் அனுமதிக் கட்டணமும் சார்க் நாட்டவருக்குக் குறைவு. காத்மாண்டு - போகரா 200 கிலோமீட்டர்தான், ஆனால் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும், முதுகு வலிக்கும், போகும்போது மட்டும் விமானம் எடுக்கிறோம். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, மலையிலும் சோறும் பருப்பும்தான்.

கஷ்டமாக இருந்தது சப்பாத்து. அம்மா வாழ்நாளில் மூடின சப்பாத்து போட்டதில்லை. கொழுந்து மலையில் வெறுங்கால், அப்புறம் ரப்பர் செருப்பு. ஹட்டனில் வாங்கிக் கொடுத்து இரண்டு வாரமாகிறது. பின்னேரம் எங்கள் லய வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் வரை ஏறி இறங்கிப் பழகுகிறார். ஏறும்போது நேராக ஏறுவதில்லை, சரிவில் கூடையோடு நடந்த மாதிரியே பாதத்தைக் குறுக்கே வைத்து, வளைந்து வளைந்து, நிற்காமல், மெதுவாக. நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போகிறேன். இறங்கும்போதுதான் வலது முழங்கால் நோகிறது என்கிறார், அதனால் இரண்டு ஊன்றுகோல் வாங்க வேண்டும், இறக்கத்துக்கு ஒரு நாள் கூடுதலாகவும் ஒதுக்கியிருக்கிறேன்.

நேற்று குதிகாலில் ஒரு கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "அங்கயும் அட்டை இருக்குமா?" என்று கேட்டார். மழைக்காலத்தில் இருக்கும், ஏப்ரலில் அவ்வளவு இல்லை என்றேன். எதற்கும் என்று, அட்டை ஏறாமல் காலில் தடவ ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்துப் பையில் வைத்துவிட்டார்.