டிக்கி இல்லாத ஆஸ்டின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலிருந்து தபால் கூலியும் சுங்க வரியும் கட்டி என் பழைய காருக்காக நான் வரவழைத்த கேஸ்கட் செட் (இன்ஜின் பாகங்களுக்கு நடுவே கசிவு வராமல் வைக்கும் தகடுகள்) இப்போது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்கிறார்கள். 14,000 ரூபாய் என்று சொல்கிறேன்.

கார் என் அப்பிச்சியுடையது, அதாவது அம்மாவின் அப்பா. கொங்குப் பக்கம் அவருடைய தோட்டத்தில், கட்டுத்தரையின் கோடியில், சோளத்தட்டுப் போருக்கும் உடைந்த ஏர்ச்சாமான்களுக்கும் நடுவே முப்பது வருடத்துக்கு மேல் நின்றது. முன்சீட்டில் கோழி முட்டையிடும். ஊரில் அதற்குப் பெயர் பிளசர். எங்கள் வீட்டில் மட்டும் ‘ஆஸ்டின்’. யார் வைத்த பெயர் என்று கேட்டால் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வைத்தது என்பார்கள். அமுச்சிக்கு எல்லா காரும் ஆஸ்டின்தான் என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வண்டியில் அடையாளம் என்று ஒன்றும் மிச்சமில்லை. முன்னால் இருந்த எழுத்து, சின்னம், விளக்கு வளையம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரர் எப்போதோ பேரீச்சம்பழத்துக்கு வாங்கிப் போய்விட்டார். ஆர்.சி. புத்தகம் தகரப்பெட்டியில் இருந்தது. ஆனால் பாதியைக் கரையான் தின்றிருந்தது. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மதராஸ் மாநில எண்ணும், 1956 என்ற வருடமும், அப்பிச்சி பெயரும் தப்பித்தன. எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று எழுதியிருந்த பக்கம் தப்பவில்லை.

பழைய கார் விவரம் தெரிந்த ஒருவருக்குப் போட்டோ அனுப்பினேன். “ஆஸ்டின் ஏ30 மாதிரித்தான் இருக்கு, உருண்டையா” என்றார். உருண்டை ஒரு அடையாளமா? 1950களில் வந்த சின்ன பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் உருண்டைதான். ஆனால் வீட்டிலும் ஆஸ்டின், விவரம் தெரிந்தவரும் ஆஸ்டின் என்றால் நான் வேறென்ன நினைப்பது?

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி டீசலும் ஏ.டி.எஃப். என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் விட்டுச் சுற்றினோம், அசைந்தது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கினால் பிஸ்டன் தலையில் 020 என்று அடித்திருந்தது. அதாவது முன்பே ஒருமுறை 20 தவு ஓவர்சைஸுக்கு (அரை மில்லிமீட்டர் பெரிதாக) சிலிண்டரைக் கடைந்து போர் அடித்திருக்கிறார்கள். கோவையில் லேத்துப் பட்டறைக்கு இன்ஜின் பிளாக்கைக் கொண்டுபோய் அளந்தோம். போர் (சிலிண்டரின் விட்டம்) 63.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76. ஓவர்சைஸைக் கழித்தால் 63.

இங்கேதான் வழுக்கி விழுந்தேன். ஆஸ்டின் ஏ30க்கு 803 சி.சி. இன்ஜின், போர் 58. அதற்கு அடுத்து 1956இல் வந்த ஏ35க்கு 948 சி.சி., போர் 62.9, ஸ்ட்ரோக் 76.2. கையில் இருக்கும் அளவோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. தேய்ந்த சிலிண்டரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணை யார் பார்ப்பது? வருடமும் 1956. துப்பறிந்துவிட்ட பெருமையில் அன்று ராத்திரியே ஏ35 கேஸ்கட் செட்டுக்கு ஆர்டர் போட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்து பிளாக் மேல் வைத்தால், நான்கு பெரிய ஓட்டையும் சுமாராகச் சேர்கிறது, மற்ற எதுவும் சேரவில்லை. பிளாக்கில் நிற்கும் மரைக்கம்பியான ஸ்டட் ஒரு பக்கம், துளை ஒரு பக்கம். திருப்பி வைத்துப் பார்த்தேன். அதையே மறுபடி திருப்பி வைத்தேன். மெக்கானிக் தம்பி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “அண்ணா, இது நம்ம வண்டிக்குப் பொறந்தது இல்லீங்க” என்றான்.

முடிச்சை அவிழ்த்தவர் அப்பிச்சியிடம் டிரைவராக இருந்த தாத்தா. எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். வண்டியை வெளியே எடுத்துவிட்டோம் என்று கேள்விப்பட்டு பேரன் பைக்கில் வந்தார். சுற்றி வந்து பின்பக்கம் நின்று தகரத்தைத் தட்டினார். “டிக்கிக்குக் கதவே இல்லாத வண்டி கண்ணு இது. கடலைக்காய் மூட்டையைப் பின்கதவு வழியா ஏத்தி, சீட்டை மடக்கி உள்ள தள்ளுவோம். மூட்டை சிக்கிக்கிட்டா உங்க அப்பிச்சி வாயில வர்றதைக் கேக்கணுமே!” என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டின் முதுகை முன்னால் சாய்த்தார். அது இரண்டு துண்டாக மடிந்தது. உள்ளே இருட்டாக ஒரு பொந்து, அதில் ஒரு கடலைக்காய்த் தோல். நான் அந்த வண்டியை ஆறு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். டிக்கிக் கதவு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்றே நினைத்து, இடுக்கில் எண்ணெய்கூட விட்டிருக்கிறேன். இடுக்கே கிடையாது, அது தகரத்தை அழுத்திய கோடு.

ஆஸ்டின் ஏ30க்கு டிக்கிக் கதவு உண்டு. 1953இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட்டுக்கு ஆரம்பத்தில் இல்லை. விலையைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள், பின்சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். அன்று சாயங்காலமே இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரைச் சுரண்டினேன். முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளவிக்கூடு. அதை உடைத்தால் கீழே தார். தாருக்குக் கீழே பச்சை பெயின்ட், அதற்குக் கீழே சாம்பல் பெயின்ட். அப்புறம்தான் இரண்டு ரிவெட் தலை தெரிந்தது. தின்னரில் துணியை நனைத்து அரை மணி நேரம் தேய்த்ததும் கம்பெனித் தகட்டில் எழுத்து தெரிந்தது: ஸ்டாண்டர்டு. சேசிஸ் எண்ணும் அதிலேயே இருந்தது. ஒரு குளவிக்கூட்டுக்காக 14,000 ரூபாய். நீங்கள் பெயர் தெரியாத வண்டி வாங்கினால், ஊரார் சொல்வதைக் கேட்கும் முன்பு தகட்டைத் தேடுங்கள். கம்பிபிரஷ் போடாதீர்கள், எழுத்து போய்விடும்.

வண்டலூரில் இருந்த நம் ஸ்டாண்டர்டு கம்பெனிதான். 1940களின் கடைசியில் தொடங்கி, பிறகு ஹெரால்டு, கெஸல் என்ற கார்களைப் போட்டு, 1980களில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு கையைச் சுட்டுக்கொண்டவர்கள். ஹெரால்டை எல்லோருக்கும் தெரியும், எய்ட்டை யாருக்கும் நினைவில்லை.

இதோடு முடியவில்லை. ஸ்டாண்டர்டு எய்ட் இன்ஜினும் 803 சி.சி., போர் 58தான். ஆஸ்டினைப் போலவே! 63 போர் வருவது அதன் அண்ணனான ஸ்டாண்டர்டு டென்னுக்கு, 948 சி.சி. இரண்டு வேறு கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு இரண்டு இன்ஜின் செய்து வைத்து என்னை மாட்டிவிட்டன. ஆக, உடம்பு எய்ட், இன்ஜின் டென். எப்போது மாற்றினார்கள்? டிரைவர் தாத்தா வேலைக்குச் சேர்ந்தது 1965இல், அவர் வந்தபோதே இப்படித்தான். அப்பிச்சியின் வரவு செலவு நோட்டுகள் பரணில் இருந்தன. மூன்று ராத்திரி தும்மிக்கொண்டே புரட்டினேன். 1964 ஆடி மாதத்துப் பக்கத்தில், உரத்துக்கும் கன்னுக்குட்டிக்கும் நடுவே ஒரு வரி: ‘காருக்கு டென் இஞ்சின் மாத்தின வகையில்’. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அது பின்னால் என்னைக் காப்பாற்றியது.

ஒரு நல்ல சேதி. இந்த இன்ஜின் வம்சம் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் 1980 வரைக்கும் ஓடியது. அதனால் இங்கிலாந்தில் சாமான் கிடைக்கிறது. ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு என்று கேட்காமல் 948க்கு என்று தெளிவாகக் கேளுங்கள், பின்னால் வந்த இன்ஜின்கள் பெரியவை. இரண்டாவது கேஸ்கட் சரியாக உட்கார்ந்தது. டயருக்கு அலையவே வேண்டாம், 13 அங்குல வீல், பழைய வேகன் ஆருக்குப் போட்ட 145/80 போதும்.

டிங்கரிங்கில் மூன்று வாரம் வீணானது. இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் எல்லாம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டம்தான் முதுகெலும்பு, அதுதான் அதிகமாகத் துருப்பிடித்திருந்தது. நான் கொடுத்த பட்டறைக்காரருக்கு ஜீப்பும் லாரி கேபினும் பழக்கம். இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரே நாளில் அறுத்துவிட்டார். மறுநாள் போனால் நான்கு கதவில் ஒன்றும் மூடவில்லை, வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. “கதவைக் கொஞ்சம் ராவிக்கலாங்க” என்றார். ராவவே கூடாது! ஜாக்கி வைத்து இடைவெளியைச் சரிசெய்து, கதவு வாசலுக்குக் குறுக்கே எல்-ஆங்கிளைப் பற்றவைத்துப் பிடிப்பு கொடுத்து, ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் செய்ய வேண்டும். வேறு பட்டறையில் அப்படித்தான் செய்து மீட்டோம்.

போல்ட் விஷயமும் சொல்லியாக வேண்டும். இந்த இன்ஜினில் இருப்பவை பெரும்பாலும் அங்குலக் கணக்கில் யு.என்.எஃப். என்ற வகை மரை. 5/16 போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். நம் கடையில் கிடைக்கும் 8 எம்.எம். போல்ட் கண்ணுக்கு அதே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். ‘இறுகிடுச்சு, நல்லா பிடிச்சிருக்கு’ என்று ஸ்பேனர் போட்டால் மரை வழித்துக்கொண்டு வரும். எங்கள் மெக்கானிக் தம்பி இப்படி மூன்று துளையைத் தீர்த்தான். எல்லாப் பழைய போல்ட்டையும் அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

எலக்ட்ரீஷியன் வந்தார், பார்த்தார், பேட்டரியின் மைனஸை பாடியில் கொடுத்தார். அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த் என்று நான் சொல்லி வாய் மூடும் முன், பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட்டிலிருந்து புகை. அவர் கூலி வாங்காமல் போனார், அதுவரை சரி.

கடைசியாக, காகிதம். அப்பிச்சி பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றப் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மாமாக்கள் இருவர், பெரியம்மா, அம்மா நால்வரின் சம்மதம். சான்றிதழ் நிலத்துக்காக ஏற்கெனவே எடுத்தது இருந்தது. சின்ன மாமா மட்டும் கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூடிவிட்டு, “மாப்ள, இது இப்ப என்ன விலை போகும்?” என்றார். செலவுக் கணக்கைக் காட்டினேன். உடனே போட்டார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதல் நாள்: கம்ப்யூட்டரில் இந்த எண்ணே இல்லை, பழைய பதிவேட்டிலிருந்து ஏற்ற வேண்டும். பதிவேடு எங்கே? எங்கள் மாவட்டத்தை இடையில் பிரித்துவிட்டார்கள், அதனால் பழைய ஆபீஸில். அங்கே போனால் “அதெல்லாம் அப்பவே அனுப்பிட்டோம்” என்றார்கள். இப்படி நான்கு நடை. ஐந்தாவது நடையில் ஓய்வு பெறப்போகும் ஒரு உதவியாளர், டீ வாங்கிக் கொடுத்ததற்காக இல்லை, நோட்டுப் பக்கத்தின் போட்டோவைப் பார்த்த ஆர்வத்தில், தானே அறைக்குள் போய்த் தூசியோடு ஒரு பதிவேட்டைத் தூக்கி வந்தார். எங்கள் எண்ணுக்கு நேரே பழைய இன்ஜின் எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, மேலே புது எண் எழுதி, முத்திரையும் குத்தியிருந்தது. தேதி 1964 ஆகஸ்ட். எங்கள் பிளாக்கில் இருக்கும் எண்ணேதான்! அந்த இடத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் பெயர்த் தகராறு. பதிவேட்டில் அப்பிச்சி பெயர் ஊரோடும் பட்டத்தோடும் நீளமாக இருக்கிறது, வாரிசுச் சான்றிதழில் வெறும் இனிஷியல். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க இன்னும் இரண்டு நடை. இதை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வந்தவர் வண்டிக்கு அடியில் குனிந்து சேசிஸைத் தேடினார். தகட்டைக் காட்டிப் புரியவைக்க அரை நாள் ஆனது.

2021இல் வந்த வின்டேஜ் விதியில் போகலாமே என்று பலர் கேட்டார்கள். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு அது உண்டு, மறுபதிவுக் கட்டணம் 5,000, பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது, அன்றாட ஓட்டமும் கூடாது. எனக்கு டவுனுக்கு ஓட்டிப் போகணும். சாதாரண வழியிலேயே போனேன்.

போன செவ்வாய்க்கிழமை கார்டு தபாலில் வந்தது. எண் சரி, பெயர் சரி, இன்ஜின் எண் சரி. எரிபொருள் என்ற இடத்தில் ‘டீசல்’ என்று அச்சாகியிருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.