இட்லி சாப்பிட்டுவிட்டு மதுரை பஸ் ஏறியது

கல்யாண வீட்டில் பந்தி என்றால் ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருவேன். சட்டென்று எழுந்து போக வசதி. எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லைக்குப் போனால்தான் கழிப்பறை. எல்லாரும் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூணையும் பார்த்து வாய் பிளக்க, நான் கொல்லைக்கு வழி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

தேவகோட்டையில் டீச்சர் வேலை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே அடிவயிறு முறுக்கும். போய்விட்டு வந்தால் அடங்கும், செருப்பு மாட்டினால் திரும்ப ஆரம்பிக்கும். லீவு நாளில் ஒன்றும் இருக்காது. அப்பத்தா ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம், மலம், தைராய்டு, கடைசியில் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி வரை பார்த்தாயிற்று. “எல்லாம் நார்மல்மா, மனசை லேசா வச்சுக்குங்க” என்றார் ஒரு டாக்டர். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சீட்டில் எழுதித் தரவில்லை.

அடுத்துப் பார்த்த குடல் மருத்துவர்தான் உட்கார வைத்துப் பேசினார். இது ஐபிஎஸ், அதாவது ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்கிற குடல் தொந்தரவு. மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி, அது மலம் கழிப்பதோடு சேர்ந்து வருவது, போகிற தடவையும் மலத்தின் பதமும் மாறுவது — இதையெல்லாம் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது என்றால் வேறு நோய் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டுமாம். எனக்கு அவை இல்லை. வெங்காயம், பூண்டு, பருப்பைக் கொஞ்ச வாரம் நிறுத்திப் பார்க்கும் உணவு முறையையும் சொன்னார். அது மூன்றையும் விட்டுவிட்டுச் செட்டிநாட்டு அடுப்படியில் என்ன கொதிக்கும்? ஓரளவு செய்தேன், ஓரளவு குறைந்தது. பிறகுதான் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார்.

“வயித்து வலிக்குப் பைத்தியக்கார டாக்டரா?” என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். மருந்துக்கு ஒரு வருடமாகியும் கேட்காத ஐபிஎஸ்ஸுக்கு மனநல சிகிச்சையை யோசிக்கலாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2008-லேயே சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினேன். நம்பினாரோ இல்லையோ, மதுரைக்குக் கூட வந்தார்.

மதுரையிலிருந்த அந்தச் சைக்காலஜிஸ்ட் மேடம் மனசை லேசாக்கச் சொல்லவே இல்லை. குடலுக்கென்று தனியாக ஒரு நரம்பு மண்டலமே இருக்கிறது, மூளையும் அதுவும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பயந்தால் குடல் வேகமாக அசையும்; ஐபிஎஸ்காரர்களுக்குச் சாதாரண அசைவுகூட வலியாகத் தெரியும்; அந்த வலி இன்னும் பயமுறுத்தும். வலி நிஜம்தான் என்று ஒருவர் சொல்லக் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

சிபிடி என்கிற முறை; நினைப்பையும் பழக்கத்தையும் கவனித்து மாற்றுகிற பேச்சு சிகிச்சை. முதலில் ஒரு நோட்டு: எங்கே, என்ன நினைத்தேன், வயிறு என்ன செய்தது. எழுத எழுத ஒன்று புரிந்தது. பட்டினியாகக் கிளம்புவது, வாசலோரச் சீட், கைப்பையில் மாத்திரை, வேண்டாதபோதும் ஒரு தடவை போய்விட்டு வருவது — காப்பாற்றுவதாக நான் நினைத்த இந்த ஏற்பாடுகள்தான் பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை தந்தார்: காலையில் “வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்கக் கூடாது. எனக்கு இருந்த சிரமத்தைவிட அவருக்கு அது சிரமமாக இருந்தது.

ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். முதலில் குன்றக்குடி வரை, மாத்திரை இல்லாமல். பிறகு பந்தியில் நடு இலை. கடைசியில் சாப்பிட்டுவிட்டு மதுரை பஸ்ஸில் நடுவில் ஜன்னலோரம். ஏறுமுன் நோட்டில் எழுதினேன்: ‘திருப்பத்தூருக்குள் இறங்க வேண்டி வரும், 90 சதவீதம்.’

இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வயிற்றில் கிடந்தன. பக்கத்தில் மடியில் கூடையோடு ஒரு ஆச்சி வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையார்பட்டி விலக்கில் முறுக்கத் தொடங்கியது. வழக்கமாக வயிற்றை இறுக்கிப் பிடிப்பேன். அன்று இடது கையைத் தொப்புள் மேல் வைத்து, கை எழும்பும்படி மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டேன். ‘போகணும்’ என்று வந்ததை விரட்டவில்லை. முறுக்கு ஏறியது, ஒரு இடத்தில் நின்றது, இறங்கியது. “என்னத்தா, தலை சுத்துதா?” என்றார் ஆச்சி. இல்லை என்றேன். திருப்பத்தூர் போய்விட்டது. மேலூரில் கடலைப் பொட்டலம் வாங்கித் தின்றேன். மேடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

வயிறு முழுக்கச் சரியாகிவிடவில்லை. பொதுத்தேர்வு சமயத்தில் கலக்கத்தான் செய்கிறது. வகுப்பை விட்டு ஓடுவதில்லை, அவ்வளவுதான்.

தேடுகிறவர்களுக்கு: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். முதல் சில சந்திப்புக்குப் பிறகு எனக்கு வீடியோவிலேயே நடந்தது, அதனால் லீவு மிச்சம். பணம் இடித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் போடலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். நோட்டு மட்டும் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள், கைப்பைக்குள் அடங்குகிற சைஸில் எழுத இடமே பற்றுவதில்லை.