பத்தமடை தாண்டுவதற்குள்

என் தம்பியின் மகள் 25 வாரத்தில், 720 கிராம் எடையோடு பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளைதான் தங்காது என்று ஆச்சி அன்றும் சொன்னாள். இவளுக்கோ ஆறு மாதமே நிறைந்திருக்கவில்லை.

28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் தனி வகையாகவே பிரித்துச் சொல்கிறது. அந்த வயதில் நுரையீரலின் காற்றறைகள் உருவாகத் தொடங்கியிருக்குமே தவிர, அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் திரவம் போதுமான அளவு சுரந்திருக்காது. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி அதைச் சற்று விரைவுபடுத்தும்; ஆனால் நான்கு ஊசிகளில் ஒன்றைப் போடுவதற்குள் வலி முற்றிவிட்டது. தீவிர சிகிச்சை தரலாமா என்று, மயக்கத்தில் இருந்த தம்பி மனைவியை யாரும் கேட்கவில்லை. வராந்தாவில் நின்ற தம்பியிடம்தான் கேட்டார்கள். "எல்லாம் பாருங்க டாக்டர்" என்றான். வேறு எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

துபாயிலிருந்து அத்தான், வெளிநாட்டில் 22 வாரத்துக் குழந்தையே பிழைத்திருக்கிறது என்று செய்தி அனுப்பினார். உண்மைதான். பிரிட்டனில் 2019-இல் வந்த வழிகாட்டுதல் 22 வாரத்திலிருந்தே தீவிர சிகிச்சையைக் கருத இடம் தருகிறது. ஆனால் வாரக் கணக்கோடு எடை, ஸ்டீராய்டு, ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, பிரசவம் எங்கே நடக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோடச் சொல்கிறது. பிழைப்பது குழந்தையின் வாரத்தைப் போலவே ஊரையும் பொறுத்தது என்பதை அத்தானுக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஸ்கேனில் மூளையின் இரு பக்கமும் பெரிய இரத்தக்கசிவு தெரிந்தது. பிழைத்தாலும் நடக்கவும் பேசவும் இயலாமல் போகலாம் என்று மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். வென்டிலேட்டரை நிறுத்தலாமா என்று தம்பி கேட்டபோதுதான் அவருடைய குரல் மாறியது. இங்கே நிறுத்த முடியாது, வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போகலாம் என்றார். மருத்துவ ஆலோசனையை மீறி, சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம் என்று அச்சடித்த தாள் வந்தது. ஆலோசனையே அவருடையதுதான், மீறியவர்கள் மட்டும் நாங்கள் ஆனோம்.

அவரைக் குறை சொல்வது எளிது. 2018-இல் உச்ச நீதிமன்றம் மீளமுடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழிவகுத்தது, 2023-இல் அந்த நடைமுறையைச் சற்று எளிதாக்கியது. ஆனாலும் இரண்டு மருத்துவக் குழுக்களைக் கூட்டி ஒப்புதல் பெறுவதைவிட ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது எந்த மருத்துவமனைக்கும் பாதுகாப்பாகவே தோன்றும். பலன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும் தொடங்கியதை நிறுத்துவதும் அறத்தில் ஒன்றே என்று மருத்துவ அறவியலார் பலர் சொல்கிறார்கள். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் சிகிச்சையை நிறுத்துவது வேறு, குழந்தையைக் கைவிடுவது வேறு. குழாயை எடுத்த பிறகும் வலிக்கு மருந்து உண்டு, சூடு உண்டு, தாயின் மார்பு உண்டு. அந்தத் தாள் இவை அனைத்தையும் சேர்த்தே பறித்துவிடுகிறது.

அம்பாசமுத்திரத்துக்கு ஆம்புலன்ஸில் நானும் தம்பியும் போனோம். உடன் வந்த பையன் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பலூனை விரல் நுனியால் அழுத்திக்கொண்டே இருந்தான். பத்தமடை தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டான். தம்பி மனைவி அப்போது மருத்துவமனைக் கட்டிலில், தையல் வலியோடு, குழந்தைக்குக் கொடுக்கப் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அவள் எங்கள் முடிவைக் குற்றம் சொன்னதில்லை. நாற்பதாம் நாள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நானும் அதத்தான் சொல்லிருப்பேன் மைனி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, எம்மேல கெடத்தி எடுத்துருக்கலாம்லா?"