மூலையில் ஓய்வெடுக்கும் வீரன்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு குழு உருவாக்கிக்கொண்டிருந்த டர்ன் முறை ரோக்லைக் விளையாட்டில் (நாம் ஒரு அடி வைத்தால்தான் எதிரியும் ஒரு அடி வைப்பான்; தளம் தளமாக இறங்க வேண்டும், செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்), எண்களைச் சமன்படுத்தும் வேலை என்னிடம் இருந்தது. முதல் பில்டை, அதாவது ஆடிப் பார்க்கும் அளவுக்குத் தயாரான பதிப்பை, டெஸ்டர் ஒருவர் ஆடியதை அவர் பின்னால் நின்று பார்த்தேன். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் அவர் ஒரு மூலைக்குப் போய், ஓய்வெடுக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர்ப்பட்டை நிரம்பியதும் அடுத்த அறை, பிறகு மறுபடியும் ஒரு மூலை. அவரைக் குறை சொல்ல வழியில்லை. டர்னுக்கு டர்ன் உயிர் ஊறும்படி செய்துவிட்டு, காத்திருப்பதற்கு எந்த விலையும் வைக்காதவர்கள் நாங்கள்தான்.

இந்த வகைக்கே பெயர் கொடுத்த, 1980-இல் வெளிவந்த ரோக் விளையாட்டிலேயே இதற்கு மருந்தாகப் பசி இருந்தது. அதே வகையைச் சேர்ந்த நெட்ஹாக்கில் வீரன் 900 ஊட்டப் புள்ளிகளோடு தொடங்குவான், சாதாரணமாக டர்னுக்கு ஒன்று குறையும். நானும் அதே வழியில் பசியைச் சேர்த்தேன். ஆனால் உணவை மட்டும் முழுக்கப் பகடையின் பொறுப்பில் விட்டேன். ஒரு வாரம் கழித்து, எங்கள் புரோகிராமர் ஐந்தாம் தளத்தில், உயிர்ப்பட்டை நிறைந்திருக்க, பக்கத்தில் ஒரு அரக்கன்கூட இல்லாத நிலையில் பட்டினியால் செத்தார். ஐந்து தளங்களிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ரொட்டி. திரும்பிப் பார்த்து, "இதில் நான் என்ன தப்பு செய்தேன், சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. புரோக் விளையாட்டில் பகடை எப்படி விழுந்தாலும், இறங்கிய ஆழத்துக்கு ஏற்ற உணவு வந்துசேரும்படி கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை அதன் பிறகுதான் கவனித்து, அப்படியே மாற்றினேன்.

இடையில் உண்மையான கடிகாரத்தையும் வைத்துப் பார்த்தோம். ஸ்பெலங்கி என்ற விளையாட்டின் 2012 பதிப்பில், ஒரு லெவலில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் தங்கினால், சுவர்களை ஊடுருவி வரும், தொட்டாலே கொல்லும் பேய் ஒன்று கிளம்பும். அது கடந்துபோகும் ரத்தினங்கள் வைரமாகிவிடும் என்பதால், கைதேர்ந்தவர்கள் வேண்டுமென்றே அதை வரவழைத்துப் போக்குக் காட்டுவார்கள். மிரட்டலையே ஆசையாகவும் ஆக்கிய அந்த வடிவமைப்பின் மேல் எனக்கு இன்றும் பொறாமை உண்டு. ஆனால் அது கைவேகத்தை நம்பும் விளையாட்டு. எங்களுடையதில் டைமர் ஓடியபோது, ஆடியவர்கள் பொருள்களின் விவரத்தைப் படிக்காமலேயே மருந்தைக் குடித்துச் செத்தார்கள். யோசிப்பதற்காகவே வந்தவர்களிடமிருந்து யோசிக்கும் நேரத்தைப் பிடுங்கியிருந்தோம். 2012-இலேயே வந்த எஃப்டிஎல் என்ற விண்கல விளையாட்டில் எதிரி விண்கலப்படை நாம் தாவும் ஒவ்வொரு தாவலுக்கும் நெருங்கி வருகிறதே தவிர, ஓடும் நொடிகளுக்கு அல்ல. சண்டையை நடுவில் நிறுத்திவைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஆடுபவர் எந்த அலகில் முடிவெடுக்கிறாரோ அந்த அலகில்தான் கடிகாரமும் ஓட வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது அங்கேதான். டைமரை மறுநாளே எடுத்துவிட்டேன்.

டன்ஜன் கிரால் ஸ்டோன் சூப் என்ற ரோக்லைக் 2021-இல் வந்த தன் 0.26 பதிப்பில் பசியையே அடியோடு நீக்கியது. அதைப் படித்த பிறகுதான், நான் இத்தனை நாள் தவறான எண்ணைத் திருகிக்கொண்டிருந்தது உறைத்தது: காத்திருப்பதைத் தண்டிப்பதற்குப் பதிலாக, காத்திருந்தால் எதுவும் கிடைக்காது என்று ஆக்கியிருக்கலாம். தானாக உயிர் ஊறுவதை நிறுத்தி, படியிறங்கும்போது மட்டும் ஒரு பகுதி மீளும்படி செய்தோம். பசிக்கு அதன்பின் பெரிய வேலை இல்லை. ரொட்டிப் படங்களை அழகாக வரைந்து முடித்திருந்ததால் அதை விட்டுவைத்தோம் என்பதே உண்மை.

புதிய பில்டுக்கும் அதே டெஸ்டர்தான் வந்தார். முதல் சண்டை முடிந்ததும் பழக்கதோஷத்தில் மூலைக்குப் போய்ப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். பட்டை அசையவில்லை. பையைத் திறந்து, இருந்த நான்கு பொருள்களின் விவரத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார், பிறகு படிக்கட்டு இருக்கும் பக்கம் வரைபடத்தை நகர்த்திப் பார்த்தார். கைப்பேசி மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது.